வயிற்றை உள்ளே இழுத்த வருடங்கள்

1

ஜிம் அட்டையைப் புதுப்பிக்க ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். மூன்று நாளாக என் சட்டைப் பையில் கிடந்து, வியர்வையில் ஓரம் சுருண்டுவிட்டது. பெயர், பாஸ்போர்ட் எண், இங்கத்து அடையாள அட்டை எண், ரத்த வகை. இதெல்லாம் இந்த பஹ்ரைனில் இருபத்து மூன்று வருடமாக எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போனவை. கடைசி வரியில்தான் பேனா நின்றுவிட்டது. 'நோக்கம்' என்று போட்டு மூன்று கட்டம். எடையைக் குறைக்க. உடம்பை வடிவாக்க. பொது ஆரோக்கியம். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் இதே படிவம் வந்தபோது முதல் கட்டத்தில் அடித்தேன். அப்புறம் ஒருமுறை இரண்டாவதில் அடித்தேன். இரண்டுக்கும் காரணம் என் மகள் சுஜா. நாளையோடு அவளுக்குக் கல்யாணம் கழிந்து ஒரு வருடம். கூப்பிட்டு வாழ்த்துச் சொல்ல வேண்டும். பெங்களூரில் வேலையில் இருப்பாள், எடுத்தால் உண்டு.

போன வாரம் ஊரிலிருந்து சித்தப்பா மகன் போன் போட்டான். "அண்ணே, நடக்கணும்ங்கான் ஒருத்தன், வெயிட்டு தூக்கணும்ங்கான் இன்னொருத்தன். நீங்க ரெண்டும் செஞ்ச ஆளாக்கும். எது கொள்ளாம்?" என்றான். வயிறு குறைந்து ஆளும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதுகிறேன். அவனும் படிக்கட்டும், அவனைப் போல வயிற்றைத் தடவிக்கொண்டு யோசிக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

2

நான் வந்தது ஏசி குழாய் மாட்டும் கம்பெனிக்கு. தகரக் குழாயைத் தோளில் வைத்துச் சாரம் ஏறுகிற வேலை. அந்த நாளில் எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இருந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து என்னை ஸ்டோர் கீப்பர் ஆக்கினார்கள். சுழலும் நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். தொப்பை அந்த நாற்காலியோடு சேர்ந்து வந்தது.

ஊரில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. லீவில் போனால், "நல்லா தடிச்சிட்டியளே!" என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது பாராட்டு. வெளிநாட்டில் இருக்கிறவன் சுகமாக இருக்கிறேன் என்று எத்தனை கடிதம் எழுதினாலும் நம்பமாட்டார்கள். வயிற்றைப் பார்த்தால் நம்புவார்கள்.

2009 லீவில் சுஜாவின் கல்லூரியில் ஒரு விழா. நாகர்கோவிலில்தான் படித்தாள். பரிசு வாங்கியிருந்தாள். நான், என் மனைவி தங்கம், நடுவில் சுஜா, மூன்று பேரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எடுக்கிற நேரத்தில் சுஜா முகத்தில் சிரிப்பை மாற்றாமல், பல்லுக்கு நடுவில் மெல்லச் சொன்னாள்.

"அப்பா, வயித்தக் கொஞ்சம் உள்ள இழுங்க."

இழுத்தேன். போட்டோக்காரர் மூன்று படம் எடுத்தார். மூன்றுக்கும் மூச்சை அடக்கி நின்றேன். முகம் சிவந்து, ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி விழுந்திருக்கிறது படம்.

அவள் மனதில் வைத்துச் சொன்னதில்லை. வீட்டுக்கு வருவதற்குள் மறந்திருப்பாள். எனக்குத்தான் மறக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து நான் அவளோடு இருந்த லீவு நாட்களைக் கூட்டினால் மூன்று வயதுகூடத் தேறாது. போனில், "சாப்பிட்டியளா? அங்க சூடா?" என்று இரண்டு கேள்வி. பிறகு, "அம்மாகிட்ட குடுக்கேன்" என்பாள். என்ன வாங்கிவர என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்பா" என்று முடித்துவிடுவாள். அந்தப் பிள்ளை தானாக வாய்விட்டு என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சீக்கிரமே அவளுக்குக் கல்யாணப் பேச்சு வரும். அன்றைக்கு மேடையில் அவள் பக்கத்தில் நிற்கும்போது அவள் என்னிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. அப்படி நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

3

மனாமாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு அடியில் இருக்கிறது ஜிம். மேலே வெங்காய மூட்டை இறக்கினால் கீழே கூரை அதிரும். பயிற்சியாளன் பிஜு, கேரள எல்லையில் இருக்கிற பாறசாலைக்காரன். மண்டைக்காட்டுப் பக்கம் இருக்கிற என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் களியக்காவிளை செக்போஸ்ட் ஒன்றுதான் பெரிய தூரம். இங்கே தமிழர்கள் என் பேச்சைக் கேட்டு மலையாளி என்பார்கள். மலையாளிகள் பாண்டி என்பார்கள். பிஜு மட்டும் நான் வாய் திறந்ததுமே, "அண்ணன் நம்ம பக்கமாக்கும்" என்று கண்டுபிடித்தான்.

உள்ளே போனால் இடப்பக்கம் ஓடுகிற மிஷின்கள் வரிசையாக நிற்கும். அதற்கு முன்னால் ஒரு தாழ்ந்த ஜன்னல். அது வழியாக நிறுத்தியிருக்கிற கார்களின் டயர் தெரியும். வலப்பக்கம் இரும்பு, பளு, பெஞ்சு. அந்தப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. இளவட்டப் பாகிஸ்தான் பட்டாணிகளும் பிலிப்பைன்ஸ் பையன்களும் சட்டையில்லாமல் நின்று கையை மடக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் கண்ணாடி இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். உண்மை அவ்வளவுதான். எது நல்லது என்று எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை.

தினமும் வேலை முடிந்து வந்து, டயரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். பிறகு ஓடினேன். சோற்றை நிறுத்தினேன். அறையில் கூட இருந்த சிதம்பரத்துக்காரர், "ஒரே எடத்துல ஓடி எங்க போய்ச் சேரப்போறீர்? அதுக்குத்தான் இருவது வருஷமா ஆபீஸ் இருக்கே" என்பார். சிரித்துக்கொண்டு ஓடினேன்.

பிஜு இரண்டு மூன்று முறை வந்து சொன்னான். "அண்ணா, நடக்குறது நல்லது, நெஞ்சுக்கு நல்லது. ஆனா சோறும் விட்டு, முட்டையும் பயறும் சேர்க்காம, வெயிட்டும் தொடாம ஓடுனா, உடம்பு கொழுப்ப மட்டும் எடுக்காது. தோளையும் எடுக்கும், தொடையையும் எடுக்கும். எடை குறையும், வடிவு வராது. பாதி நாள் இந்தப் பக்கம் வரணும்."

"எனக்கு என்னத்துக்கு மக்கா வடிவு? நான் என்ன ஆணழகன் போட்டிக்கா போறேன்?" என்று தட்டிக் கழித்தேன்.

பதினைந்து மாதத்தில் தொண்ணூற்றிரண்டு கிலோ எழுபத்தொன்றானது. எடை மிஷினில் ஏறி முள்ளைப் பார்க்கிற அந்த ஒரு நிமிடத்துக்காகவே நாள் முழுக்க ஸ்டோரில் உட்கார்ந்திருப்பேன். முள்ளைத்தான் பார்த்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

4

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படத்தில் கழுத்தே இல்லாத ஒரு மனிதர். "இது சேட்டனாணோ?" என்றார். படத்தில் இருப்பது என் அண்ணனா என்று கேட்கிறார். "ஞான்தான் சார்" என்றேன். ஒரு தாளைத் தள்ளி இரண்டு முறை கையெழுத்துப் போடச் சொன்னார். கையெழுத்து மெலியவில்லை, அதனால் விட்டுவிட்டார்.

வெளியே தங்கமும் சுஜாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே போனேன். தங்கம் என்னைத் தாண்டிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வந்த தொப்பைக்காரர் ஒருவரைப் பார்த்து, அவரும் நானில்லை என்று கண்டு, மறுபடி வாசலைப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய், "ஏட்டி, நான்தான்" என்றேன்.

அவள் முகம் போன போக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. கையைப் பிடித்தாள், முழங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னவாக்கும் தீனம்?" என்றாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தீனம் என்றால் எங்கள் பக்கம் நோய்.

சுஜா பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

5

மூன்றாம் நாள் காஸ் சிலிண்டர் வந்தது. லீவில் வரும் எனக்கு அந்த வீட்டில் இருக்கிற ஒரே வேலை, சிலிண்டரை வாசலிலிருந்து அடுக்களைக்குத் தூக்கிப் போவது. தொப்பை இருந்த காலத்தில் ஒரே மூச்சில் தோளில் ஏற்றிவிடுவேன். இந்த முறை இடுப்பு உயரத்துக்கு மேல் வரவில்லை. நடு வீட்டில் இறக்கி வைத்துவிட்டு நின்றேன். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறவனுக்கு ஒரு சிலிண்டர் அசையவில்லை. பிஜு சொன்னது அப்போதுதான் உடம்புக்கு விளங்கிற்று. தோள் போயிருந்தது.

"ஒதுங்குங்க" என்றாள் தங்கம். சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டி, திருப்பத்தில் முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி, அடுக்களைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நான் இல்லாத மாதமெல்லாம் அப்படித்தான் கொண்டுபோயிருக்கிறாள். இவ்வளவு காலமும் அது எனக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன்.

மறுநாள் காலையில் சுஜா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நான் அன்னைக்கு போட்டோ எடுக்கையில சொன்னதுக்காட்டியா அப்பா?"

ஞாபகம் வைத்திருக்கிறாள்! ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை மனதில் ஏன் இதை ஏற்ற வேண்டும் என்று, "சே, இல்ல மக்கா. டாக்டர் சொன்னாரு" என்றேன்.

அடுக்களையில் கரண்டி விழுந்தது. "எந்த டாக்டரு?" என்று தங்கம் வந்து நின்றாள்.

அத்தோடு முடிந்தது. பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. பஹ்ரைன் வருடாந்தர மருத்துவச் சான்றிதழைக் காட்டினேன். அது அரபியில் இருந்தது. "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "ஃபிட்டுன்னு எழுதியிருக்கு." "அப்படீன்னு நீங்கதான சொல்லுதிய!"

செவ்வாய்க்கிழமை மண்டைக்காட்டுக்குப் போய் அம்மனுக்கு மண்டையப்பம் செய்து கொண்டுவந்தாள். அரிசி மாவும் சர்க்கரையும் பயறும் சேர்த்துத் தலை மாதிரி உருட்டி அவிக்கிறது. தலைவலிக்காரர்கள் நேர்ந்துகொள்வது.

"எனக்குத் தலைவலி இல்லியே?" என்றேன்.

"தீனம் எங்கயின்னு நீங்க சொல்ல மாட்டேங்கிய. அதான் தலையில இருந்து தொடங்கியிருக்கேன். தின்னுங்க."

தின்றேன். பதினைந்து மாதத்தில் வாயில் வைத்த முதல் இனிப்பு. சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது.

கால்சட்டைகளைப் பிடித்துத் தைக்கக் கோட்டாறில் பழைய தையல்காரரிடம் கொண்டுபோனேன். இடுப்பை அளந்து, நாடாவை இரண்டு முறை பார்த்து, "வெட்டவா வேண்டாமா?" என்றார். "வெட்டும்." "வேண்டாம் ஓய். உள்ள மடக்கித் தைக்கேன். ஆளு தேறி வந்தா பிரிச்சு விட்டுக்கலாம்" என்றார். தேறி வந்தால்! அவர் கண்ணிலும் அதே பார்வை.

6

சுஜாவுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு பெங்களூரில் வேலை. அப்பா கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. சுஜாவுக்கும் பிடித்திருந்தது. வாயால் சொல்லமாட்டாள். பையனின் போட்டோவைத் தன் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள், அதில் தெரிந்துகொண்டோம். அந்த லீவே அதற்காக எடுத்ததுதான்.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுகிறவர்கள் நேரில் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். டீக்கடையில் ஒருவர், முடிவெட்டும் கடையில் ஒருவர். விவரம் தெரிந்தவர்கள் மருந்துக் கடைக்குப் போவார்கள். பையனின் மாமா ஒருவர் எங்கள் முக்கு மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில், "அந்த பஹ்ரைன்காரரு வீட்டுக்கு என்னெல்லாம் வாங்குதாவ?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் நல்ல மனுசன், உள்ளதைச் சொல்லியிருக்கிறார். குளுக்கோஸ் பொட்டலம், முழங்காலுக்கு உறை. இரண்டும் பஹ்ரைனுக்குக் கொண்டுபோக, ஓட்டத்துக்காக நான் வாங்கியவை.

ஒரு வாரத்தில் தரகர் வந்தார். "அவிய ஒண்ணும் வேண்டாம்னு சொல்லல்ல. ஒங்களுக்கு மொதல்ல சுகமாகட்டும், பெறவு பேசலாம்ங்காவ" என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

சுஜா அன்று என்னைக் குற்றமாக ஒரு பார்வை பார்க்கவில்லை. புத்தகத்திலிருந்து போட்டோவை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "திருப்பிக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அவள் பக்கத்தில் மதிப்பாக நிற்க வேண்டும் என்று ஓடினேன். ஓடி ஓடி, அவள் நிற்க வேண்டிய மேடையையே இடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கீரிப்பாறை பஸ்ஸில் ஏறினேன். தங்கத்திடம்கூடச் சொல்லவில்லை.

மேஸ்திரி ரப்பர் பால் எடுக்கும் கொட்டகையில் நின்றார். என்னைவிட நாலைந்து வயது கூட. என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு சங்கடம். "வாங்க, இப்பிடி இரியுங்க. எனக்கு மேல ஒரு பிளாக்கு பாக்கணும், அரை மணிக்கூறுல வந்திருவேன்" என்றார்.

"நானும் வாறேன்."

"நீங்களா? ஏத்தமாக்கும் ஓய், செங்குத்து!"

"பரவாயில்ல."

மலையில் ஏறினோம். அவர் முன்னால், நான் பின்னால். கால்வாசி ஏறியதும் நான் பக்கத்தில் வந்துவிட்டேன். பாதியில் நான் முன்னால் போய்விட்டேன். மழை குறைந்தது, இந்த வருடம் பால் எப்படி, பஹ்ரைனில் சூடு எப்படி என்று நான்தான் விடாமல் பேசிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரமாகப் பதில் வரவில்லையே என்று திரும்பினால், அவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்.

"நில்லும் ஓய்! மனுசனா நீரு?" என்றார். மூச்சு வாங்கி முடிக்க நேரம் ஆயிற்று. பிறகு மேலும் கீழும் பார்த்தார். "தீனக்காரருன்னுல்லா சொன்னானுவ."

"மருந்துக் கடைக்காரரா?"

"அவரு குளுக்கோஸ்னு மட்டும்தான் சொன்னாரு. பாக்கிய நாங்களே சேத்துக்கிட்டோம்."

இரண்டு பேரும் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கல்லூரி விழா, போட்டோ, மகள் சொன்னது, டயரைப் பார்த்துக்கொண்டு ஓடியது, சிலிண்டர், எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் சொல்ல முடியாததை முன்பின் பழகாத ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒரு மக உண்டு" என்றார். கொஞ்சம் கழித்து, "கல்யாணத்துக்கு வாறப்ப கொஞ்சம் சதை வச்சுட்டு வாரும் ஓய். எங்க ஆளுவ கண்ணால பாத்தாத்தான் நம்புவானுவ" என்றார்.

கல்யாணத்துக்கு என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் வலித்தது.

7

திரும்பி வந்து பிஜுவிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். "இந்தப் பக்கம் வா அண்ணா" என்று கையைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனான். அன்றைக்குத்தான் என்னை முழுசாகப் பார்த்தேன். தோள் சரிந்து, நெஞ்சு உள்ளே போய், கழுத்து கோழிக் கழுத்து மாதிரி. வயிறு மட்டும் போன பாடில்லை. தோல் தொங்கிற்று.

ஆக, போன் போட்ட தம்பிக்கு என் பதில். நடந்தால் மூச்சு வரும், எடை இறங்கும். நெஞ்சு நன்றாக இருக்கும். கீரிப்பாறை மலை ஏறினது அதனால்தான். ஆனால் ஆளைப் பார்க்க ஆளாக நிறுத்துவது பளுதான். இருக்கிற தசையைப் போகாமல் பிடித்து வைத்து, தோளையும் முதுகையும் நிமிர்த்துகிறது. முதுகு நிமிர்ந்தாலே வயிறு பாதி குறைந்தது போல இருக்கும். வாரத்தில் மூன்று நாள் பளு, மற்ற நாளில் நடை. சோற்றை விடாதே, குறை. மீனும் பயறும் கூட்டு. முள்ளைப் பார்க்காதே, தையல்காரர் நாடாவைப் பார். சிறியதில் தொடங்கு. நான் முதல் மாதம் தூக்கியதைப் பார்த்து அந்தப் பட்டாணிப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிரிப்பை மறைக்க. வயது ஐம்பதை நெருங்கினால் எல்லாம் மெதுவாகத்தான் வரும். வலிக்கும். அலுப்பாகவும் இருக்கும். வேலை முடிந்து, உடம்பு கட்டிலைக் கேட்கும்போது இரும்பைக் கொடுப்பது எளிதில்லை. நிறைய நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, போவதா வேண்டாமா என்று சுவரைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் போனபோது எழுபத்தெட்டு கிலோ. தையல்காரர் மடிப்பில் பாதியைப் பிரித்துவிட்டார். "நான் சொன்னேம்லா" என்றார். தங்கம் விமான நிலையத்தில் என்னைக் கண்டுபிடித்தாள். மறுநாளே வாசலில் சிலிண்டர் நின்றது. பழையது தீரவே இல்லை, என்னைச் சோதிக்க வரவழைத்திருக்கிறாள். தூக்கி அடுக்களையில் வைத்தேன். சோறு போட்டாள், வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட.

கல்யாணத்தன்று மேடையில் போட்டோ. மாப்பிள்ளை, சுஜா, அவள் பக்கத்தில் நான். கேமராக்காரர் கையைத் தூக்கினார். பழக்க தோஷம், மூச்சை அடக்கி வயிற்றை உள்ளே இழுத்தேன்.

சுஜா முகத்தில் சிரிப்பை மாற்றாமல், பல்லுக்கு நடுவில் சொன்னாள்.

"விடுங்கப்பா. வயித்த விடுங்க. கீரிப்பாறை மாமா எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாவ."

அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் அவளைப் பார்க்கிறேன்.

8

இன்று மாலை படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிஜு மேலிருந்து கீழே படித்துவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்தான்.

"என்ன அண்ணா, நோக்கம் ஒண்ணும் இல்லியா?"

"இருந்துது மக்கா. நடந்தாச்சு. இனி சும்மா வந்துட்டுப் போறேன்."

அவன் பேனாவை எடுத்துத் தானே ஏதோ ஒரு கட்டத்தில் அடித்துவிட்டு, படிவத்தை மேஜைக்குள் போட்டான். எதில் அடித்தான் என்று நான் கேட்கவில்லை.

"அப்போ மொதல்ல பத்து நிமிஷம் நட" என்றான்.